அம்மா பெட்டியில் போட்ட ஒரு சொல்

இந்த ஆண்டு பெப்ரவரி முடியும்போது முப்பத்தெட்டாவது விண்ணப்பத்துக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தது. அன்றைக்கே செபம் சொல்வதை நிறுத்தினேன். கோபத்தால் அல்ல. களைத்துப்போனேன். ஆண்டவர் செய்ததை மறைக்கக் கூடாது என்பதற்காக, என் வெட்கத்தையும் சேர்த்தே உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் மொன்ட்ரியாலில் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பிரிவில் கோடை மாதங்களில் கட்டாயம் ஒரு பயிற்சிப் பணி செய்ய வேண்டும். பிரெஞ்சில் அதை ‘ஸ்டாஜ்’ என்பார்கள். காப்புறுதி நிறுவனங்கள், வங்கிகள், பேராசிரியர்களின் ஆய்வு வேலைகள், எதையும் விடவில்லை. சிலர் மறுத்தார்கள். பலர் பதிலே போடவில்லை. மார்ச் கடைசி வெள்ளிக்குள் இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பிரிவிலிருந்து என்னை நீக்கிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு வீணாகிவிடும் என்று பயந்தேன்.

என் வகுப்பில் இடம் பிடித்தவர்கள் பேராசிரியரின் கதவைத் தட்டியவர்கள், தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தவர்கள். எனக்கு அது வராது. ஒருவரிடம் ஒன்று கேட்பதென்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். நல்ல புள்ளிகள் இருக்கின்றன, அவையே எனக்காகப் பேசட்டும் என்று இருந்தேன். அதற்குப் பெயர் பெருமை. அப்போது அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பூசைக்கும் போகாமல் விட்டேன். “ஷாமினி, படிப்பு எப்படி?” என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோர் பகுதியில் அம்மாவும் நானும் மட்டும்தான். ஞாயிறுகளில் அம்மாவுக்கு பேக்கரியில் வேலை. அதனால் தமிழ்ப் பூசைக்கு வர முடியாது. தவக்காலத்து வெள்ளி ஒன்றில் சிலுவைப்பாதைக்குப் போனபோது, எனக்குச் சொல்லாமல் கோயில் மன்றாட்டுப் பெட்டியில் ஒரு துண்டு எழுதிப் போட்டிருக்கிறார். ‘என் மகள் ஷாமினியின் ஸ்டாஜ் விடயத்தில் மாதா இரங்க வேண்டும். பிள்ளை மனமுடைந்துபோனாள்.’ ஸ்டாஜ் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் என் விண்ணப்பத்தைப் பார்த்து அப்படியே வெள்ளைக்காரர் எழுத்தில் ‘stage’ என்று எழுதியிருக்கிறார். அதை ஆங்கிலமாக வாசித்தால் ‘ஸ்டேஜ்’ என்று வரும். புற்றுநோய் முற்றிய கட்டத்தைச் சொல்வோமே, அந்த ஸ்டேஜ். ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசித்தவர் அப்படித்தான் வாசித்தார். திருத்துவதற்கு நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருக்கவில்லை.

அதன்பிறகு ஊரே என்னோடு விநோதமாக நடந்துகொண்டது. பஸ்ஸில் கண்ட, எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் என் தலைமுடியைப் பார்த்துக் கண் கலங்கினார். இன்னொருவர் எழுந்து எனக்கு இருக்கை தந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவிடமும் யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் நோகும் என்று நினைத்திருக்கிறார்கள்.

மார்ச் நடுவில் ஒரு சனி மத்தியானம் ஜெசிந்தா அன்ரி வீட்டுக்கு வந்தார். எங்கள் கோயிலுக்கு வரும் மன்னார்ப் பெண்மணி. ஹோட்டல் லோண்ட்ரியில் வேலை செய்தவர். மார்பகப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். அவருக்கு இந்த வருத்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு, ஒரு கையில் கோழிச் சூப்பும் மறு கையில் தீர்த்தப் போத்தலுமாக மூன்று மாடி ஏறி வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“பிள்ளை, நீ பூசைக்கு வராட்டிலும் பரவாயில்லை. களைக்கும். எனக்குத் தெரியும்தானே,” என்றார்.

“ஆஸ்பத்திரியில நான் ஒரு ஆய்வில சேர்ந்திருக்கிறன். ஒரு நேர்ஸ்தான் என்னட்டக் கேள்வி கேட்டு எழுதுறவ. அவவிட்ட உன்னைப் பற்றிச் சொன்னனான். எனக்கு வந்த பிரெஞ்சில கெஞ்சினன். எங்கட கோயில் பிள்ளை, இருவத்தொரு வயசு, யூனிவர்சிட்டியில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்குது, ஸ்டாஜ், உதவி செய்யுங்கோ எண்டு. நல்ல மனுசி. உடன ஓம் எண்டவ. உன்ர சே-வேயைக் கொண்டு வரட்டாம்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “அது என்ன ரிப்போர்ட் பிள்ளை? என்னட்ட ஒருநாளும் அதைக் கேக்கேல்லையே.”

நாம் சி.வி. என்பதைத்தான் பிரெஞ்சுக்காரர் சே-வே என்பார்கள். வேலைக்குக் கொடுக்கிற தற்குறிப்பு. அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. அன்ரி எனக்குப் புற்றுநோய் என்று நினைத்திருக்கிறார்; அதை அவர் பிரெஞ்சாக்கிச் சொன்னபோது ‘ஸ்டேஜ்’ ‘ஸ்டாஜ்’ ஆகிவிட்டது. பிழையாக வாசிக்கப்பட்ட சொல், கேட்க வேண்டியவரின் காதுக்குச் சரியாகப் போயிருக்கிறது.

“அன்ரி, எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை. ஸ்டாஜ் எண்டால் வேலைப் பயிற்சி,” என்றேன்.

“கான்சர் இல்லையோ?”

“இல்லை அன்ரி.”

“சத்தியமா?”

ஏசுவார் என்று நினைத்தேன். சூப்பை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதபடியே சிரித்தார். “மாதாவே! ரெண்டு கிழமையா மருந்து ஏத்தேக்க வந்த நோவெல்லாம் உனக்கெண்டு ஒப்புக்குடுத்தனான். எனக்கெண்டு ஒண்டும் கேக்கேல்லை. சின்னப் பிள்ளை, அது பிழைக்கட்டும் எண்டு.”

எங்கள் வீட்டுத் தரையிலேயே நான் முழங்காலில் இருந்தேன். வாசலில் போய் ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டவள் நான். எனக்காக இன்னொருவர், சுகமில்லாத உடம்போடு, சரியாகத் தெரியாத பாஷையில் கெஞ்சியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். அவரிடமும் ஆண்டவரிடமும்.

“இனி உங்களுக்குக் கேளுங்கோ அன்ரி,” என்றேன்.

“கேப்பம், கேப்பம். முதல் அந்தச் சே-வேயை எடு. நேர்ஸ் பாத்துக்கொண்டிருப்பா.”

அன்ரி கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த ஆய்வின் தரவுகளைப் பார்த்துவந்த பெண், பிள்ளைப்பேற்று விடுப்பில் போயிருந்தாராம். நிரப்பிய படிவங்கள் குவிந்து கிடந்தன. அந்த வேலையை அவர்கள் எங்கேயும் விளம்பரம் செய்திருக்கவில்லை. நான் எவ்வளவு தேடியிருந்தாலும் கண்டிருக்க மாட்டேன். பொறுப்பான வைத்தியர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நோயாளி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். “ஏன் விட்டார் என்று முதலில் கேட்பேன்,” என்றேன். கடைசி வெள்ளிக்கு முதல் நாள், வியாழன் மத்தியானம், என்னைப் பயிற்சிக்கு எடுத்ததாகக் கடிதம் வந்தது. அம்மா பேக்கரி உடுப்போடேயே செபமாலையை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

இது தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். தற்செயலை அளக்கிற பாடத்தைத்தான் நான் படிக்கிறேன். அதனால் அந்தப் பேச்சுக்கு நான் கோபிக்க மாட்டேன். ஆனால் மூன்று மாடி ஏறி வந்த ஜெசிந்தா அன்ரியைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது கோடை. தினமும் மெட்ரோ பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நோயாளிகளின் நித்திரை, பசி, நோவு எல்லாம் என் கணினியில் வரிவரியாக வருகின்றன. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் அன்ரியுடையது என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அதனால் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லா எண்களுக்காகவும் ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ செபம் சொல்கிறேன். சில வரிகள் பாதியில் நின்றுவிடும்; அந்த நோயாளியிடமிருந்து இனிப் பதில் வராது. அப்போது கொஞ்ச நேரம் வேலை ஓடாது.

அன்ரிக்கு இன்னும் சுகம் வரவில்லை. மருந்து தொடர்கிறது. எனக்குக் கேட்டது கிடைத்துவிட்டது, எனக்காகக் கேட்டவர் இன்னும் காத்திருக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்பதை நான் இனி நிறுத்தப்போவதில்லை. உங்கள் வீட்டில் என்ன கஷ்டம் இருந்தாலும் என்னைப்போல் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். யாரிடமாவது சொல்லுங்கள். வாயில் வந்தபடி சொல்லுங்கள், பிழையாகச் சொன்னாலும் ஆண்டவருக்கு விளங்கும்.

போன ஞாயிறு மன்றாட்டுப் பெட்டியில் நானே ஒரு துண்டு போட்டேன். ‘ஜெசிந்தா. மார்பகப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். முழுச் சுகம் வேண்டும்.’ எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன். வாசித்தபோது நானும் அங்கே இருந்தேன். இதை வாசிக்கிற நீங்களும் அவருக்காக ஒரு தடவை கேளுங்கள். இந்தமுறை சொல்லில் பிழை இல்லை.