அண்டாவுக்கும் கதவுக்கும் நடுவே

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் ஊரான கணபதியில் ஓர் அம்மணி எங்களைப் போலச் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் நடமாடுகிறவர்களுக்காக வேன் சுற்றுலா தொடங்கினார். பின் சீட்டுகளைக் கழற்றி, ஏறி இறங்கப் பலகை போட்ட வேன். போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய்க் கழிப்பறைக் கதவைக் கயிற்றால் அளந்து வருவார்.

அதுவரை என் நாற்காலியைத் தள்ளியது மனைவிதான். அவள் நிறுத்துகிற இடத்தில்தான் எனக்குக் காட்சி. கோயிலுக்குப் போனால் சாமியைவிட வளையல் கடையை அதிகம் பார்த்தவன் நான். தனியாகப் போகிறேன் என்றதும் அவள் கேட்டாள்:

“எங்கியாச்சும் மாட்டிக்கிட்டீங்கன்னா?”

“மாட்டிக்கிறதுக்கு நானென்ன எலியா?”

வாய்தான் அப்படிச் சொன்னது. ஒருமுறை மாட்டினால், இனி அவளில்லாமல் வாசற்படி தாண்ட முடியாது என்பது எனக்குத் தெரியும்.

தாராபுரம் பக்கம், ஆற்றோரத் தோட்டத்து வீட்டில் மதியச் சாப்பாடு. அம்மணி அளந்தபடி, அங்கே குளியலறைக் கதவு அகலமாகத்தான் இருந்தது. ஆனால் விருந்தாளி வருகிறார்களே என்று வீட்டுக்காரர், உள்ளே ஒரு பெரிய பித்தளை அண்டா நிறைய வெந்நீரைக் கொண்டுவந்து வைத்திருந்தார். மரியாதையை யார் கயிற்றால் அளப்பது?

உள்ளே போனேன். கதவைத் தாழிட நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். பின்சக்கரம் தண்ணீர் போகும் குழியில் இறங்கி, உள்பக்கம் திறக்கும் கதவோடு ஒட்டிக்கொண்டது. வேகமாக முன்னால் தள்ளினால் ஏறிவிடும். முன்னால் அண்டா, என் முழங்காலை உரசிக்கொண்டு.

“ஏனுங்க, ஆச்சுங்களா?” வெளியே வீட்டுக்காரர்.

“ஆச்சுங்க. இதா வாரனுங்க.”

“மெதுவா வாங்க. சூடு பத்துமுங்களா?”

“பத்துமுங்க.”

எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. உட்கார்ந்திருப்பவர் சொல்லாமல் நாற்காலியை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வேனின் சட்டம். அதைக் கேட்டு வாங்கியவனே நான்தான். இங்கேயே செத்தாலும், பிணத்தை எடுக்க நான்தான் அனுமதி கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் கதவை உடைப்பார்கள். உடைத்த செய்தி எனக்கு முன்னால் கணபதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சுவர்கள் நெருங்கி வருவதுபோல இருந்தது. உற்றுப் பார்த்தேன். வரவில்லை. அப்புறம்தான் அண்டாவின் விளிம்பில் தொங்கிய சொம்பு கண்ணில் பட்டது.

மொண்டு மொண்டு கீழே ஊற்றினேன். பாதி தரையில், மீதி என் மேல். வெந்நீர் கதவுக்கடியில் வழிந்து வாசலுக்குப் போனது.

“என்னுங்க, உள்ள நாத்து நடறாரா?” ஊன்றுகோலோடு வந்திருந்த லேத்துப் பட்டறைக்காரரின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். கதவு இருந்ததால் நானும் சிரித்தேன்.

காலி அண்டாவை உருட்டி மூலைக்குத் தள்ளி, ஆட்டி ஆட்டிச் சக்கரத்தை மேலேற்றி, தலை சொட்டச் சொட்ட வெளியே வந்தேன். அம்மணி என்னையும் அண்டாவையும் பார்த்தார். பையிலிருந்து கயிற்றை எடுத்தார். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “நல்லாக் குளிச்சீங்களா? இன்னொரு அண்டா போடச் சொல்லட்டுங்களா?”

வீடு திரும்பியதும் மனைவி, “எப்படீங்க இருந்துச்சு?” என்றாள்.

“ராஜ மரியாதை. குளிக்கறதுக்கு அண்டா நெறயச் சுடுதண்ணி வெச்சாங்க.”



“அப்பிடீங்களா. அப்ப அடுத்த வாட்டி நானும் வாரனுங்க.”

உண்மையைச் சொன்னாலும் வருவாள். மறைத்தாலும் வருகிறாள்.