நீலம் பூசிய வாவி

ஆரையம்பதியில் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில் எனக்கு ஓவியன் என்றொரு பட்டம் இருந்தது. கொடுத்தவன் நானேதான்.

சமூகக்கல்வி டீச்சர் ஒரு நாள் எங்களை நாலு நாலு பேராகப் பிரித்து ஊர்ப்படம் கீறச் சொன்னார். கோயில், சந்தை, வயல், வாவி என்று ஆளுக்கொரு பகுதி. பெற்றார் பள்ளிக்கு வரும் நாளில் நல்ல படம் சுவரில் தொங்கும். அது என் படம்தான் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவரும் அதை நம்பிச் சேலை எடுத்து வைத்துவிட்டார்.

எங்கள் குழுவில் வாவி புவனாவுக்கு. தோணியில் மீன் பிடிப்பவரின் மகள். அந்தத் தவணைதான் அக்கரையிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தாள். வாய் திறக்க மாட்டாள். வாவி முழுக்கப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது கொப்புளிப்பான் போட்ட முகம் மாதிரி இருந்தது.

"என்ன கா இது? தண்ணிக்குள்ள தண்ணிதானே இருக்கும்!" என்று சொல்லி, புள்ளிகளின் மேல் நீலத்தை அப்பினேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் சட்டத்தைச் சொன்னார். தன் பகுதியைத் தான் விளக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவரின் பகுதியைத்தான் விளக்க வேண்டும். ஒருவர் தடுமாறினாலும் நாலு பேரின் படமும் சுவரேறாது. என் பக்கத்தில் இருந்தது புவனா.

"மகன், வாவியச் சொல்லுங்க பாப்பம்," என்றார் டீச்சர் என்னிடம்.

எழும்பினேன். "வாவி... நீலமா இருக்கும்."

வகுப்பே சிரித்தது. அம்மாவின் சேலை தானாக மடிந்து பெட்டிக்குள் போவது கண்ணில் தெரிந்தது.

புவனா எழுந்து வந்தாள். ஒரு புள்ளியும் தெரியாத நீலத்தின் மேல் விரலை வைத்து, என் காதுக்குள் சொன்னாள். டீச்சர் தடுக்கவில்லை.

"இதில முழங்கால் தண்ணி. இதில அடியில கல்லு, தோணி முட்டும். இதில றால் கிடக்கும். மறுகா இதில ஆழம், கம்பு நிலம் தொடாது."

அவள் சொல்லச் சொல்ல நான் உரத்துச் சொன்னேன். தினமும் பார்க்கிற தண்ணீருக்குள் மேடும் பள்ளமும் பாதையுமாக இன்னோர் ஊர் கிடந்தது. சிரித்தவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கை விட்டிறங்கி எங்களைச் சுற்றி நின்றார்கள்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதில அப்பா வலை போடுறல்ல."

"ஏன் கா?"

"போடுறல்ல."

காரணம் கண்டுபிடிப்பது எனக்கென்ன பெரிய வேலையா? "இந்த இடத்தில மீனே இல்ல!" என்று முழங்கினேன். டீச்சர் மறுபக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். புவனா என்னைத் திருத்தவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

படம் சுவரேறியது. அவளுடைய அண்ணன் தோணி கவிழ்ந்து மூழ்கி இறந்த இடம் அது என்று எனக்குத் தெரியவர, மீசை முளைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்:

"என்ட பேச்சக் கேட்டு டீச்சரே அழுதிட்டா அம்மா!"