தையல்காரம்மா போட்ட வேகத்தடை

வேடசந்தூர் பக்கம் ஒரு மில் ஊரில் குடியிருந்தோம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா புடவைக்கு மேல் தன் வீட்டுக்காரர் சட்டையை மாட்டியிருப்பார். குண்டூசியைக் கடித்தபடியே பேசுவார். மில் பஸ்கள் பறக்கும் தெரு அது. நடை பழகிய மகனை வாசலில் விட எனக்குப் பயம். வேகத்தடை கேட்டுப் பேரூராட்சியில் மனுமேல் மனு கொடுத்தேன். ஒரு ஞாயிறு தையல்காரம்மாவே சிமெண்டைக் குழைத்து மேடு போட்டார்.

"அனுமதி வாங்க வேணாமாக்கா?"

"ஏத்தா, நம்ம பிள்ளை விளையாட அவுக கையெழுத்து எதுக்கு? செத்த அந்தத் தண்ணிய ஊத்து."

ஊற்றினேன். போலீஸ் வருமோ என்று தூக்கமே இல்லை. வந்தவர் பேரூராட்சி அதிகாரி.

"இதை யாரு போட்டது?"

"நீங்கதான் சார். மறந்துட்டீகளா?" என்றார் தையல்காரம்மா.

அதிகாரி தலையாட்டிவிட்டு, வெள்ளைக்கோடு அடிக்க ஆள் அனுப்பினார். பொய்தான். ஆனால் என் உண்மையான மனுக்களுக்கு ஒருவரும் அப்படித் தலையாட்டியதில்லை.