ஓர் ஆங்கிலப் பாட்டின் மீது விசாரணை

“நிறுத்து. இங்கனதான் குதிரை வருது,” என்று தனக்குத்தானே உத்தரவிட்டுச் செல்போனைத் தொடுகிறார் நம்பிராஜன். பாட்டு நிற்கிறது. ஒரு மிடறு சுக்குக் காப்பி. மறுபடி அதே வரி. மேலகரத்தில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கு அலாரம் தேவைப்படுவதில்லை.

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். ஒருநாள் முருகன் பாட்டு முடிந்ததும் யூடியூப் தானாகவே ஓட்டிய ஆங்கில ராக் பாட்டு அது. அரை மணி நேரம் ஓடும். கிறிஸ்தவ வேதம் சொல்லும் உலக முடிவை கிட்டார், ஆர்கன், புல்லாங்குழலோடு பாடுகிறார்கள். நான்கு குதிரைகள், ஏழு தலை மிருகம், ரத்தமாகும் நிலா, எக்காளங்கள். தென்காசியில் தெரிந்த பாதிரியார் ஒருவர், அதெல்லாம் உருவகம் என்றாராம். “அக்யூஸ்ட் எல்லாவனும் மொதல்ல அப்படித்தாம்லா சொல்லுவான்,” என்றார் நம்பிராஜன் என்னிடம்.

அவர் துப்புத் துலக்கியது வேறு. “ஏழு தலை எவனுக்கு இருக்கும்? ஒரே ஆளு ஏழு பேர்ல திரியுதான். நாலு குதிரை, கூட்டுச் சதி. நிலாவுல ரத்தம், தடயம்.”

குற்றாலச் சீசனுக்கு வந்தவர்கள் ஐந்தருவிக்கு வழி கேட்டால், “நேரா போங்க. மிருகம் கடல்ல இருந்துதான் வருது. இந்தப் பக்கம் பயமில்ல,” என்பார்.

சிக்கல் பாட்டின் கடைசிப் பகுதியில் இருந்தது. வெள்ளை உடுத்த மணப்பெண் மலையிலிருந்து இறங்குகிறாள், எக்காளம் தொடங்குகிறது. அங்கே அணைத்துவிடுவார். அதற்கு மேல் அவர் கேட்டதே இல்லை. “கல்யாணம்தான் எல்லாத்துக்கும் காரணம். விசாரணை முடியட்டும்,” என்று மகள் அபர்ணாவைப் பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பங்களைத் திருப்பி அனுப்பினார். மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் அவரும் மகளும்தான்.

இந்த ஆனியில், சாரலோடு சாரலாக, இலஞ்சியிலிருந்து ஆறுமுகநயினார் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அபர்ணாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நானும் உட்கார்ந்திருந்தேன்.

“உங்க வீட்டுல வெள்ளைக் குதிரை உண்டா?” என்றார் நம்பிராஜன்.

ஆறுமுகநயினார் யோசித்தார். “குதிரை இல்ல அண்ணாச்சி. எருமை ரெண்டு நிக்கி.”

“நிறம்?”

“எருமை நிறந்தான்.”

அபர்ணா அடுக்களையிலிருந்து வந்து செல்போனை எடுத்தாள். “எப்பா, முழுசாக் கேக்காமலே குற்றப்பத்திரிகை போடுதீங்களே!” பாட்டின் கடைசிப் பகுதியை ஓடவிட்டாள்.

எக்காளம் முழங்கியது. ஆறுமுகநயினார் மிக்சர் தட்டைக் கீழே வைத்தார். நம்பிராஜன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் அழியவில்லை. சத்தம் அடங்கி, புல்லாங்குழல் மட்டும் மிஞ்சியது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

“என்ன சொல்லுதான்?”

“இனிமே அழுகை கெடையாதுங்கான்.”

“அந்தப் பொண்ணு?”

“ஊருக்குள்ள வந்துட்டா.”

“அவ அப்பன்?”

பாட்டில் அப்படி ஒருவர் கிடையாது. அபர்ணா அவரையே பார்த்தாள். “அவரும் அங்கனதான் இருக்காரு. இலஞ்சி இந்தா இருக்குப்பா.”

நம்பிராஜன் பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு ஆறுமுகநயினாரிடம், “ஆவணியில வச்சுக்கிடுவமா?” என்றார்.

அவர்கள் கிளம்பும்போது குற்றாலம் சாலையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. காரை வெளியே எடுக்க வழியில்லை. நம்பிராஜன் வேட்டியை மடித்துக் கட்டினார். சாரலில் நனைந்தபடி நடுச்சாலைக்குப் போய், அருவிக்குப் போகிற அத்தனை வண்டிகளையும் வலது கையைத் தூக்கி நிறுத்தி, சம்பந்தியின் காரை “வரலாம், வரலாம்” என்று இடது கையால் அழைத்தார்.