பக்கத்துக் காணிக்காரி கட்டிய மிளகாய்ச் சாக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் வன்னியின் விசுவமடுவில் மிளகாய் பயிர்செய்துகொண்டிருந்தோம். பக்கத்துக் காணியில் மலையகத்திலிருந்து எங்களுக்குப் பின்னால் வந்து குடியேறிய ஒருத்தியின் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் தென்னோலைக் கிடுகுக் கூரைதான். அந்த முறை மிளகாய் விற்று ஓடு போடுவது என்று நானும் கணவரும் தீர்மானித்திருந்தோம். அதே எண்ணம் அவர்களுக்கும் உண்டு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. நேற்று வந்தவளின் வீட்டில் எனக்கு முந்தி ஓடு ஏறுவதா?

அவளுடைய செடியில் மட்டும் இலை சுருளாது. அவளுடைய பழம் மட்டும் கூடுதலாகச் சிவக்கும். வேலிக்குள்ளால் அதைப் பார்த்துப் பார்த்தே நான் பாதி காய்ந்துவிட்டேன்.

மிளகாய் காய்ந்து முடியும் நேரம் ஊர் வியாபாரி வீடு வீடாக வந்தார்.

"அக்கா, கொழும்பில வெளிநாட்டு மிளகாய் கப்பல்ல வந்து இறங்குதாம். நாளைக்கு இந்த விலையும் இராது. இண்டைக்கே தாங்கோ."

"கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றார் கணவர். நானும் தலையாட்டினேன். ஆனால் வண்டில் வண்டிலாகச் சாக்குகள் கடைக்குப் போவதை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

காய்ந்த மிளகாயை வெயிலில் கட்டினால் நொறுங்கிவிடும். விடியற்காலைப் பனியில் பதம் வந்த பிறகுதான் சாக்கில் போட்டு மிதித்துக் கட்டுவோம். கட்டினால் அன்றைக்கே கடைக்கு ஏற்றுவது ஊர் வழக்கம். அடுத்த நாள் விடியும்போது எட்டிப் பார்க்கிறேன், அவள் சாக்குக்குள் நின்று மிதித்துக்கொண்டிருக்கிறாள்!

"அவள் விக்கப் போறாள். எழும்புங்கோ, நாங்கள் முந்தவேணும்!" என்று கணவரை உலுப்பினேன். வெயில் ஏறுமுன் எங்கள் மிளகாய் முழுவதையும் வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு, அவளை வென்ற பெருமையோடு திரும்பினேன்.

அவள் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால், அவளுடைய சாக்குகள் வீட்டுக்குள் பரணில் இருந்தன.

"நீர் விக்கேல்லையோ?" என்றேன்.

"இல்லக்கா. ராத்திரி மின்னிச்சு, மழை வந்துருமேன்னு கட்டி உள்ள வச்சேன். வெல விழப்போவுதுன்னா அவரு ஏன் அவசரமா வீடு வீடா வந்து கேக்குறாரு? விழுந்தப்பறம் வாங்கலாந்தானே?"

அவர் என் வாசல் படலைக்கும்தான் வந்தார், எனக்கு அது தோன்றவில்லையே.

பிறகு லொறிச் சாரதி ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வியாபாரி கையில் ஒரு சாக்குகூட இல்லாமலே வவுனியா மொத்தக் கடைக்கு மிளகாயை முன்கூட்டியே விலை பேசி விற்றிருக்கிறார். தவணைக்குள் கொடுக்கவேண்டும். மலிவாக வாங்கி ஈடுகட்டத்தான் அந்தக் கப்பல் கதை. எங்களுடையதெல்லாம் சேர்ந்தும் அவருக்குப் போதவில்லை. ஊரில் மிளகாய் மிச்சம் இருந்தது அவளிடம்தான். வவுனியா லொறி வந்து நிற்க, அவர் அவளுடைய படலையில் கெஞ்சினார். அவள் சொன்னதுதான் விலை. வேலிக்கு இந்தப் பக்கம் நான் எரிந்துகொண்டிருந்தேன்.

மாரி மழைக்கு முன் அவள் வீட்டுக்கு ஓடு வந்தது; எங்கள் காசு ஓட்டுக்குப் போதவில்லை. கழற்றிய கிடுகுகளைத் தலையில் வைத்துக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தாள்.

"போன வருசம் வேஞ்சதுக்கா, நல்லாத்தான் இருக்கு. ஒங்க கூரைக்கு ஒதவும்."

வேண்டாம் என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் எங்கள் கூரை ஒழுகியது. அந்த மாரி முழுவதும் அவளுடைய கிடுகின் கீழேதான் படுத்தோம்.

இன்றைக்கும் ஊரே விற்கிறது என்று யாராவது பதறினால், வாங்குகிறவன் யார் என்று முதலில் கேட்கிறேன். அந்தப் புத்தியும் அவள் தந்ததுதான் என்று நினைக்கும்போது மட்டும் வயிறு இன்னும் கொஞ்சம் எரிகிறது.