சமையல் பட்டியலில் என் பேர்

நான் கோபக்காரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இந்தப் பொம்பளைக்கு வாய் அதிகம் என்று யாரும் குறைப்பட வேண்டாம். அந்த வாய் இருந்ததால்தான் படித்தேன்.

எங்கள் ஊர் கம்பைநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். கத்தோலிக்கக் குடும்பங்கள் நாற்பது இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம். வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்து ஒருவர் விளக்கம் சொல்வார். அந்த ஒருவர் எப்போதும் ஆண்தான். போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொல்வார். எனக்குக் கேட்டுக் கேட்டு எரிச்சல் வரும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் வேதத்தை முழுசாக இரண்டு தடவை வாசித்திருந்தேன். என்னிடம் விட்டால் இதைவிட நன்றாகச் சொல்வேன் என்று எனக்குத் தெரியும். யார் விடுகிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்குக் கோயிலில் படிப்பு யாத்திரை அறிவித்தார்கள். மாவட்டத்தைச் சுற்றி இருபத்தொரு நாள். விடியலில் நடந்து ஒரு கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை அங்கே வேத வகுப்பு. சாமியாருக்குப் படிக்கிறவர்களுக்கு இல்லை, எங்களைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு. எல்லா வகுப்பிலும் உட்கார்ந்து, கடைசி நாள் எழுந்து ஒரு பகுதிக்கு விளக்கம் சொல்கிறவர்கள் அவரவர் ஊர்க் கூட்டத்தை நடத்தலாம் என்று ஃபாதர் பூசையில் சொன்னார். ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லவில்லை. அன்றைக்கே பேர் கொடுத்தேன். மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசன் முடிந்து எனக்கு வேலை இல்லாத மாதம் அது. படித்து என்ன கலெக்டராகப் போகிறாயா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆனால் ஆகட்டுமே என்றேன்.

புறப்படும் அன்று உபதேசியார் ஒரு தாளை வாசித்தார். பங்கில் ஃபாதருக்கு அடுத்தபடி எல்லாம் அவர்தான். ஜெபம், பாட்டு, தண்ணீர் வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஆண்கள் பேராக வந்தது. கடைசியில் சமையல். வந்திருந்த ஆறு பெண்களின் பேரும் அதில்தான் இருந்தது. என்ன நடந்திருக்கிறதென்றால், வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கும்போது போடுகிற பட்டியலை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். அந்த நடையில் பெண்கள்தான் ஆக்குவோம், அது பழக்கம். இது படிக்கப் போகிற நடையாயிற்றே என்று அவருக்கு உறைக்கவே இல்லை. ஃபாதரும் தாளைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் பொறுத்தேன். அங்கே வகுப்பு நடக்கும். நாங்கள் ஆறு பேரும் பின்கட்டில் வெங்காயம் உரிப்போம். இப்படியே போனால் கடைசி நாள் எழுந்து எதைச் சொல்வது, சாம்பாருக்கு எவ்வளவு புளி என்றா?

நாலாம் நாள் காரிமங்கலம். பத்து மணி ஆனதும் அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நோட்டோடு போய் முன்பெஞ்சில் உட்கார்ந்தேன். உபதேசியார் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏம்மா, அடுப்ப வுட்டுட்டு இங்க வந்து குந்திக்கினா, மத்தியானம் முப்பது பேரு என்னத்தத் திங்கறது?"

"நான் நடந்து வந்தது படிக்கறதுக்குங்க. சோறாக்கறதுன்னா எங்க வூட்டுலயே அடுப்பு இருக்குதுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. ஃபாதர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. தப்பு நம்முடையது என்று உபதேசியாரிடம் சொல்லி, மற்றப் பெண்களையும் வகுப்புக்குக் கூப்பிடச் சொன்னார். நாலு பேர் வந்தார்கள். ஒருத்தி மட்டும், அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று பயந்து அங்கேயே நின்றுவிட்டாள். அவளும் மறுநாள் வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாரும் முறை வைத்து ஆக்கினோம். ஆண்கள் முதல் தடவை கிண்டிய களி கட்டி கட்டியாக இருந்தது. வேதம் படிக்க வந்த இடத்தில் பல் போய்விடும் போலிருக்கிறதே என்று நாங்கள் கிண்டல் பண்ண, அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு விழுங்கினார்கள். உபதேசியார் கடைசி நாள் வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது.

கடைசி நாள் தருமபுரியில். என் முறை வந்தபோது, இந்த அம்மா மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லையே என்று உபதேசியார் கிளப்பினார். அந்தத் தாளை எழுதியது யார் என்று ஃபாதர் கேட்டதும் அடங்கினார்.

நான் எடுத்துக்கொண்டது ஐந்து சகோதரிகள் வருகிற பகுதி. பாலைவனத்தில் அப்பா இறந்துவிட்டார். கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. ஐந்து பேரும் சபை நடுவில் போய் நின்று, எங்கள் அப்பா பங்கு நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்கிறார்கள். தலைவருக்குப் பதில் தெரியாமல் கடவுளிடம் போகிறார். அவர்கள் கேட்பது நியாயம்தான் என்று கடவுள் சொல்லிவிடுகிறார். அவர்கள் அழவில்லை, கெஞ்சவில்லை, கேட்டார்கள் என்றேன்.

முடித்ததும் உபதேசியார் எழுந்தார்.

"அதெல்லாம் செரிம்மா. நெலத்த வாங்கிக்கினு அந்த அஞ்சு பேரும் அப்புறம் சோறாக்கலியா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆக்கியிருப்பாங்கய்யா. அவங்க நெலத்துல வெளஞ்சத ஆக்கியிருப்பாங்க."

ஃபாதர் கூட்டம் நடத்துகிறவர்கள் பட்டியலில் என் பேரை எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்த முதல் புதன்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில். வழக்கமாக விளக்கம் சொல்கிறவர் வரவே இல்லை. பாயில் பெண்கள் மட்டும் உட்கார்ந்தார்கள். மற்ற ஆண்கள், இவள் என்னதான் கிழிக்கிறாள் பார்ப்போம் என்று வேலியோரம் பைக்கில் சாய்ந்து நின்றார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. வேலி வரைக்கும் கேட்கிற மாதிரி குரலை ஏற்றி வாசிக்க ஆரம்பித்தேன்.