வளைந்து தெரிந்த கோடு

டைஸ்டோ ரவுத்தியோவுக்கு அறுபத்தொரு வயதில்தான் முதல்முறையாக ஒரு புதுத் துப்பாக்கி வாய்த்தது. அதுவரை அவர் தோளில் ஏறியதெல்லாம் அப்பா விட்டுப்போன பழைய ரைஃபிள். அதில் ஸ்கோப்பு என்கிற குறிபார்க்கும் கண்ணாடிக்குழாய் கிடையாது. நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு இரும்புக் குறி இருக்கும். அதை மான் மேல் பொருத்திச் சுட வேண்டியதுதான். முப்பது வருஷம் மரலாரி ஓட்டிய மனுஷன். இடுப்பு போனபிறகு லாரியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பேருந்துக்கு மாறினார். பெரிய ஏரியை ஒட்டிய அந்தப் பனிக்காட்டு ஊரில் அவர் பேருந்து வந்தால் மணி பார்க்க வேண்டாம் என்பார்கள்.

போன வருஷம் அந்த நெல்மணி காணாமல் போய்விட்டது. துப்பாக்கியில் அது இருந்தது, டைஸ்டோ கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் நின்ற கொம்பு மானைக் கோட்டை விட்டார். மனைவி ஐலியின் தம்பி ரெய்னோ அதை ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தான்.

"மச்சான் சுட்டதுல மானுக்குக் காதுதான் வலிச்சிருக்கும். பேசாம ஸ்கோப்பு வச்ச துப்பாக்கி ஒண்ணு வாங்கு. இந்த வயசுல எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க."

அப்படித்தான் டைஸ்டோ அக்டோபர் மாசம் ஒரு சனிக்கிழமை ஜெரோம் லாபொந்தின் கடைக்குப் போனார். ஆணி, பெயின்ட், பனி அள்ளும் மண்வெட்டி, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே விற்கும் கடை.

"வா, வா! உன் புதுப்பொண்ணு வந்து எறங்கிட்டா," என்று ஜெரோம் அட்டைப்பெட்டியைத் திறந்தான். "ஐலிகிட்ட சொல்லிட்டியா, இல்ல திருட்டுக் கல்யாணமா?"

"அவதான் கட்டி வச்சதே."

கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்டும் ரகம். டைஸ்டோ இழுத்துத் தள்ளினார். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வால்நட் மரத்தில் செய்த பின்கட்டையைக் கன்னத்தில் வைத்தால் அதுவே அணைத்துக்கொண்டது. இன்னும் ஒரு தடவை இழுத்தார். காரணமில்லாமல் இன்னொரு தடவை.

"ஸ்கோப்புக்கு வருவோம்," என்றான் ஜெரோம். "உன் மச்சான் பேச்சக் கேட்டு நிலாவப் பாக்குற குழாய வாங்கிராத. நீ உக்கார்றது தேவதாருச் சதுப்பு. அங்க மான் வந்தா கல்லெறியுற தூரத்துலதான் வரும். பெருசாக் காட்டுறத வச்சுக்கிட்டுப் பாத்தா ரோமம்தான் தெரியும், மான் தெரியாது. சின்னதா, எடை கம்மியா, விடிகாலை வெளிச்சத்த நல்லா வாங்குறதா ஒண்ணு போதும்."

மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தான். டைஸ்டோ முதல் குழாயை வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை மூடி, ஜன்னல் வழியாக எதிரே தபாலாபீஸ் கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

"இது கோணலா இருக்கு."

"எது?"

"உள்ள இருக்கிற சிலுவைக் கோடு. நடுவுல வளையுது."

ஜெரோம் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "நேராத்தானப்பா இருக்கு. சரி, அடுத்ததப் பாரு."

அடுத்ததிலும் கோடு வளைந்தது. மேலிருந்து ஒழுங்காக இறங்கி வந்து, நடுவில் ஓடை கல்லைச் சுற்றிப் போவதுபோல் ஒதுங்கி, பிறகு மறுபடி நேராயிற்று. நடுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் விரல்ரேகை பட்டதுபோல் ஒரு சாம்பல் திட்டு. டைஸ்டோ சட்டைநுனியால் கண்ணாடியைத் துடைத்தார். திட்டு போகவில்லை. கொடிக்கம்பமும் அதே இடத்தில் வளைந்தது.

"மூணும் கோணல்னா எப்படி?" ஜெரோம் சிரித்தான். "மூணுமாச் சேந்து குடிச்சிருக்கா? இல்ல நீயா?"

"உன் சரக்கு சரியில்லன்னு சொன்னா ஒத்துக்க மாட்டியே. கீழ போட்டு ஒடச்சதையெல்லாம் எடுத்து வச்சு விக்கிற."

குரல் கொஞ்சம் தடித்துவிட்டது. ஜெரோமின் சிரிப்பு நின்றது. அவன் உள்ளேயிருந்து விலை கூடிய ஒன்றை எடுத்துவரப் போனான். அவன் முதுகைத் திருப்பிய நேரத்தில் டைஸ்டோ, எதற்கென்று தெரியாமலே, குழாயை இடது கண்ணுக்கு மாற்றினார்.

கோடு நேராக இருந்தது. கிட்டத்தட்ட நேராக.

ஜெரோம் திரும்பி வந்தபோது டைஸ்டோ மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதெல்லாம் வேண்டாம். இதுவே இருக்கட்டும். கோடு கொஞ்சம் தடிமனா இருக்கு."

"இப்பத்தான் கோணல்னு சொன்ன."

"சரியாப் பாக்கல. மாட்டிக் குடு."

வீட்டுக்கு வந்தபோது ஐலி ஏலக்காய் போட்ட ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். டைஸ்டோ சமையலறை வாசலில் நின்று இடது கண்ணை மூடி அவளைப் பார்த்தார். நரைத்த முடி தெரிந்தது. காதில் தோடு தெரிந்தது. மாவு ஒட்டிய முழங்கை தெரிந்தது. மூக்கும் வாயும் இருந்த இடத்தை யாரோ ஈரவிரலால் இழுத்துத் தேய்த்திருந்தார்கள்.

ஐலி நிமிர்ந்தாள். "என்ன, கண்ணடிக்கிறியா? இந்த வயசுல?"

"ஏன், அடிக்கக் கூடாதா?"

"புதுத் துப்பாக்கி வந்ததும் துரைக்கு எளமை திரும்பிருச்சு," என்று மாவுக் கையால் அவரைத் தள்ளிவிட்டாள். டைஸ்டோவும் சிரித்தார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

திங்கட்கிழமை பேருந்தை எடுத்தார். இரண்டு கண்ணையும் திறந்துவைத்தால் எல்லாம் தெரிந்தது. ஒரு கண்தானே, மான் சீசன் முடியட்டும், டாக்டரிடம் போகலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நவம்பர் பிறந்தபோது சாலையின் நடு மஞ்சள் கோட்டில் ஒரு சின்ன முடிச்சு விழுந்திருந்தது. பேருந்து எவ்வளவு தூரம் போனாலும் அந்த முடிச்சு முன்னாலேயே போனது. அவர் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். "ரவுத்தியோ மாமாவுக்கு வயசாயிருச்சு, ஊந்துறாரு," என்று பின்னால் பிள்ளைகள் கேலி செய்தன. அதற்கும் சிரித்தார்.

நவம்பர் பதினைந்து வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பக்கத்தில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மான் சீசன் திறக்கிற நாளில் யார் பிள்ளைகளை அனுப்புவார்கள்? டைஸ்டோவும் ரெய்னோவும் காட்டுக்குள் இருக்கும் மரக்குடிசைக்கு முந்தின நாளே போய் அடுப்பு மூட்டிவிட்டார்கள். விடிந்ததும் ரெய்னோ மேட்டுக்குப் போனான். டைஸ்டோ சதுப்போரம் தன் மறைவிடத்தில் உட்கார்ந்தார்.

மான் தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து சத்தமில்லாமல் வந்து நின்றது. கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் அதன் கொம்பு தெரிந்தது. நேராகப் பார்த்தால் போய்விட்டது. துப்பாக்கியைத் தூக்கினார். ஸ்கோப்புக்குள் மானின் பின்பாகமும் கால்களும் இருந்தன, நடுவில் சாம்பல் திட்டு தோளை விழுங்கியிருந்தது. இறக்கி வைத்திருக்கலாம். நாற்பத்தைந்து வருஷப் பழக்கம். தோள் இங்கேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டு விரலை அழுத்தினார்.

மான் முதுகை வளைத்துக் குறுகியது. பிறகு ஓடியது. முதுகு வளைந்தால் குண்டு வயிற்றில் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வெடிச்சத்தம் கேட்டு ரெய்னோ இறங்கி வந்தான். "எங்க பட்டுச்சு?"

"கொஞ்சம் பின்னால."

இருவரும் பனியில் தடம் பிடித்து நடந்தார்கள். டைஸ்டோ முன்னால் போனார், தடம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் எப்போதும் அப்படித்தான். கொஞ்சதூரம் போனதும் ரெய்னோ, "நில்லு மச்சான்," என்றான்.

"என்ன?"

"காலத் தூக்கு."

தூக்கினார். கீழே பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"என்ன தெரியுது?"

"பனி. வேறென்ன தெரியும்?"

டைஸ்டோ தலையைக் கொஞ்சம் திருப்பினார். பார்வையின் ஓரத்தில் சிவப்பு எழும்பியது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரத்தம். அதன்மேல் அவருடைய பூட்ஸ் தடம்.

"எவ்வளவு நாளா?" என்றான் ரெய்னோ.

"நீ மானத் தேடு."

"எவ்வளவு நாளான்னு கேக்குறேன்."

"ஸ்கோப்பு வாங்கப்போன அன்னைலேருந்து."

தடம் சதுப்புத் தண்ணீரில் இறங்கி மறைந்துவிட்டது. மதியம் வரை தேடினார்கள். ரெய்னோ ஒரு விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான்.

"பஸ் ஓட்டுறியே மச்சான்."

"ரெண்டு கண்ணும் சேந்தா தெரியுது."

"ரத்தத்து மேல மிதிச்சு நின்ன. அதுவும் ரெண்டு கண்ணாலதான். என் பேத்தி உன் சீட்டுக்குப் பின்னாடிதான் உக்காந்து வர்றா."

"அவளுக்கு நான் ஏதாவது ஆகவிடுவேன்னு நெனைக்கிறியா?"

"வேணும்னு விடமாட்ட."

டைஸ்டோவுக்குச் சுருக்கென்றது. "உனக்குச் சந்தோஷமா இருக்குமே, மாப்ள. ஊர்ல சொல்லிச் சிரிக்க இன்னொண்ணு கெடச்சிருச்சு."

ரெய்னோ எழுந்து நடந்தான். குடிசைக்குப் போய்த் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை டைஸ்டோ தனியாகத் தேடப்போனார். அண்டங்காக்கைகள் காட்டிக்கொடுத்தன. மான் சதுப்பின் மறுகரையில் கிடந்தது. ஓநாய்கள் பாதிக்குமேல் தின்றிருந்தன. சாவதற்கு ரொம்ப நேரம் எடுத்திருந்தது என்பதைச் சுற்றிலும் கலைந்து கிடந்த பனி சொன்னது. எத்தனை முறை படுத்து, எழுந்து, படுத்திருக்கிறது! அவர் கையுறையைக் கழற்றி அதன் நெற்றியில் கை வைத்தார். ஒரு கிலோ கறிகூட யாருக்கும் ஆகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார். அதே இடத்தில் முடிவும் எடுத்தார்: திங்கட்கிழமை விடிந்ததும் பள்ளிக்கூட மேலதிகாரியிடம் போய்ச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குத் திரும்பியபோது மேலதிகாரியின் கார் முற்றத்தில் நின்றது.

சமையலறையில் அந்த மனிதர் காப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐலியின் கண்கள் சிவந்திருந்தன. ரெய்னோ முந்திவிட்டான்.

"நாளைக்கு நானே வந்து சொல்றதா இருந்தேன்," என்றார் டைஸ்டோ.

"தெரியும் டைஸ்டோ. நம்புறேன்," என்றார் மேலதிகாரி. நல்ல மனுஷன், மனசாரத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் டைஸ்டோவின் சொந்தக் காதுக்கே பிடிபட்டவன் பேச்சாகத்தான் கேட்டது. சாவிக்கொத்திலிருந்து பேருந்துச் சாவியைக் கழற்ற முயன்றார். வளையத்தின் வாய் தெரியவில்லை. ஐலி வாங்கிக் கழற்றிக் கொடுத்தாள்.

கார் போனபிறகு அவள் கேட்டாள்: "அன்னைக்கு வாசல்ல நின்னு கண்ணடிச்சியே. அதுவும் இதானா?"

அவர் தலையாட்டினார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரிய ஊர் டாக்டர், விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகிறது என்றார். இன்றைக்கு அதற்கு ஊசி இருக்கிறது, அன்றைக்கு இல்லை. இடது கண்ணும் அதே வழியில்தான் போகும், முழு இருட்டு வராது, ஓரங்கள் மிஞ்சும் என்றார். டைஸ்டோ திரும்பும் வழியில் ஜெரோமின் கடையில் இறங்கித் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். "உன் சரக்குல குத்தம் இல்ல ஜெரோம்." ஜெரோமுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. இந்தத் தடவை கேலி பண்ணாமல் துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்தான்.

ரெய்னோ செய்தது சரி என்று டைஸ்டோவுக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிக்க முடியவில்லை. ஒரு நாள் பொறுத்திருக்கலாமே. ஒரே ஒரு நாள். தானாகப் போய்ச் சாவியைக் கொடுத்த மனுஷன் என்று பேர் மிஞ்சியிருக்கும். ரெய்னோவோ, அந்த ஒரு நாளில் திங்கட்கிழமைக் காலை ஓட்டமும் அடங்கியிருந்தது என்று அக்காவிடம் சொன்னான். இருவருக்கும் நடுவில் ஐலி. சனிக்கிழமைதோறும் தம்பி குடும்பத்தோடு வந்து நீராவிக் குளியல் போட்டுச் சாப்பிட்டுப் போன வீடு அது. அந்தக் குளிர்காலம் முழுவதும் குளியலறை அடுப்பு புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டும் எரிந்தது.

டைஸ்டோ மெல்ல மெல்ல ஓரத்தால் பார்க்கப் பழகினார். ஒரு முகம் வேண்டுமென்றால் அதன் காதுக்கு அப்பால் பார்க்க வேண்டும். காப்பிக் குவளை வேண்டுமென்றால் பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் கூட்டம் கலைந்தபோது யாரோ எதிரே வந்து நின்றார்கள். தொப்பியைக் கையில் கழற்றி வைத்திருந்த விதம் தெரிந்தது. டைஸ்டோ தலையைத் திருப்பினார். அந்த உருவம் ஒரு கணம் நின்று, பிறகு விலகிப்போயிற்று.

வீட்டில் தம்பியோடு பேசித் தொலைபேசியை வைத்துவிட்டு ஐலி வந்தாள். இத்தனை மாசத்துக் கோபமும் அவள் குரலில் இருந்தது.

"அவனே எறங்கி வந்து நின்னிருக்கான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டியாமே? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"திருப்பினாத்தானடி அவன் தெரியுறான்," என்றார் டைஸ்டோ. "நேராப் பாத்தா அங்க ஆளே இல்ல. ரெய்னோதானான்னு பாக்கத்தான் திருப்பினேன். பாக்குறதுக்குள்ள போயிட்டான்."

ஐலி அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் ரெய்னோ வந்தான். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். டைஸ்டோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனைப் பார்த்தார். இளைத்திருந்தான்.

"இப்பத் தெரியுறேனா?"

"தெரியுற."

இருவரும் ரொட்டியைப் பிய்த்துக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டார்கள். வருகிற நவம்பரில் குடிசைக்கு வந்து அடுப்பையாவது பார்த்துக்கொள்ளேன் என்று ரெய்னோ கூப்பிட்டான். டைஸ்டோ வேண்டாம் என்றார். காட்டில் வெடிச்சத்தம் கேட்கும், அது எங்கே பட்டதோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்றார். ரெய்னோ வற்புறுத்தவில்லை. நவம்பர் வந்தபோது அவன் தனியாகப் போனான்.